வேற்றூரில் வீடு அமையும் வகை

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும், அப்பழமொழி சொந்த ஊரில் வீடு கட்டுகிறவனை நோக்கிப் பிறந்ததாகவே நமக்குத் தோன்றுகிறது. அவனுக்கு மனை பாட்டன் விட்டுச் சென்றதாக இருக்கும். கிணறு கூப்பிடு தூரத்தில் இருக்கும். எல்லைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்பதற்கு ஊர்ப் பெரியவர் இருவர் வந்து நின்று சாட்சி சொல்வர். பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வந்து, எழுத்தும் அளவும் வேறான ஓர் ஊரில் வீடு அமைக்கின்றவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் படும் பாட்டைச் சொல்லும் பழமொழி இன்னும் பிறக்கவில்லை.

ஹெப்பகோடி அத்தகைய ஊர்களுள் ஒன்று. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் பெருஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்ததாய் அமைந்துள்ளது. முன்னாளில் இது கேழ்வரகும் மொச்சையும் விளைந்த செம்மண் பூமி. 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோணப்பன அக்ரகாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கர் நிலத்தில் மின்னணுத் தொழில் நகருக்கு வித்திட்டது. மறுபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை வளர்ந்தது. இரண்டுக்கும் நடுவே கிடந்த கிராமங்கள் தொழிலாளர் குடியிருப்புகளாயின. தருமபுரியிலிருந்தும், கிருஷ்ணகிரியிலிருந்தும், திருவண்ணாமலையிலிருந்தும் தையல் ஆலைக்கும் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் வந்த நம்மவர் குடும்பங்கள் இங்கே தங்கின. இன்று ஹெப்பகோடி நகரசபை. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் மெட்ரோவின் மஞ்சள் தடமும் இவ்வழியே ஓடுகிறது. ரயில் வருமுன்னரே மனை விலை வந்துவிட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே வரும் குடும்பம் முதலில் அடைவது ஓர் அறையைத்தான். ஒரே வாசலையும் ஒரே தண்ணீர்க் குழாயையும் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளைக் கன்னட மக்கள் ‘வட்டாரா’ என்பர். அங்கே நான்கைந்து ஆண்டுகள் கழிகின்றன. அந்த ஆண்டுகளில் மிஞ்சும் பணம் எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் ஊர் வீட்டுக்கே போயிருக்கும். ஓடு மாற்றினோம், தளம் போட்டோம், முன்புறம் இரும்புக் கதவு வைத்தோம் என்று பெருமையுடன் சொல்வோம். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டில் பொங்கலுக்கு மூன்று நாள் விளக்கு எரியும். எஞ்சிய நாட்களில் குடியிருப்பது பல்லிகளே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெற்றோர் இருக்கும் வரையில் அது கடமை. ஆனால், பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி சென்று, இங்கேயே வேலை தேடப் போகிறார்கள் என்பது தெளிவான பின்னும், நம் வாழ்வு நடக்கும் இடத்தில் பத்தடிக்குப் பத்தடி அறையே போதும் என்று இருந்துவிடுவது சரிதானா?

அறைக்கு அடுத்த படி போக்கியம். கன்னடத்திலும் ‘போக்யா’ என்றே சொல்கின்றனர். பேச்சு வழக்கில் லீசு. சில இலட்ச ரூபாயை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றி இருந்து, வெளியேறும்போது பணத்தைத் திரும்பப் பெறும் முறை இது. வாடகை மிச்சமாகிறது என்னும் அளவில் நல்லதே. ஆயினும், வீட்டின் மேல் வங்கிக் கடன் உள்ளதா என்று கேளாமல் பணம் கொடுத்தவர்கள், கடன் கட்டாத வீட்டை வங்கி கைப்பற்றிய நாளில் தெருவில் நின்ற கதைகள் உண்டு. கேட்பது மரியாதைக் குறைவு அன்று. பத்திரம் பதிவாகாத போக்கியம் வெறும் வாய்ச்சொல்லே.

அதன் பின்னரே மனை வாங்கும் எண்ணம் எழுகிறது. இங்கே ஓர் அயல்நாட்டுச் செய்தியை நினைவுகூரலாம். அமெரிக்காவில் 1862-ஆம் ஆண்டு மே மாதம் ஆபிரகாம் லிங்கன் ஒரு குடிநிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். குடும்பத் தலைவர் ஒருவர் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்திற்கு மனுச் செய்யலாம். அங்கே ஐந்தாண்டு குடியிருந்து, வீடு எழுப்பி, உழுது பயிரிட்டு, அதற்கு அண்டை அயலார் இருவர் சாட்சி சொன்னால், நிலத்தின் உரிமைப் பத்திரம் கைக்கு வரும். 16 இலட்சம் பேருக்கு மேல் இவ்வாறு நிலம் பெற்றனர். அந்த நிலமெல்லாம் அந்நாட்டின் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசையை. முதலில் மண், பிறகு குடிசை, பிறகு பயிர், கடைசியில் பத்திரம். நம்மவர் பலரும் ஹெப்பகோடியில் இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றனர். முதலில் சுவர் எழுப்பிவிடுவோம், காகிதம் தானாக வரும் என்று நம்புகின்றனர். லிங்கனுடைய சட்டம் இங்கே இல்லை. இங்கே காகிதம் தானாக வருவதில்லை.

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் சென்ட் என்போம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இங்கே நிலத்தைக் குண்டையில் அளப்பர். நாற்பது குண்டை ஓர் ஏக்கர். ஒரு குண்டைக்கு 1,089 சதுர அடி, அதாவது சரியாக இரண்டரை சென்ட். மனைகளை இருபதுக்கு முப்பது, முப்பதுக்கு நாற்பது என்று அடிக்கணக்கில் விற்பர். முன்னது 600 சதுர அடி, பின்னது 1,200. தரகர் குண்டைக் கணக்கில் விலை சொல்லும்போது மனத்துக்குள் சென்டாக மாற்றிக் கொண்டு ‘மலிவாக இருக்கிறதே’ என்று மயங்கியவர்களையும், ‘அநியாய விலை’ என்று எழுந்து வந்தவர்களையும் நாம் அறிவோம்.

அடுத்து, மனை எவ்வகையது என்பது. விவசாய நிலத்தைச் சட்டப்படி மாற்றாமலே துண்டு போட்டு விற்பதை ‘ரெவின்யூ சைட்டு’ என்கின்றனர். கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964-இன் 95-ஆம் பிரிவின்படி விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற முறையான அனுமதி வேண்டும். அதைத்தான் எல்லாரும் ‘டி.சி. கன்வர்ஷன்’ என்று பேசுவது. அது இல்லாத மனை விலையில் குறைவு. அந்தக் குறைவுக்கே நம்மவர் விழுகின்றனர். மேலும், விவசாயி அல்லாதார் விவசாய நிலம் வாங்குவதை நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79-ஏ, 79-பி பிரிவுகள் நெடுங்காலம் தடுத்து வந்தன. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை நீக்கப்பட்டன. அத்தடை இருந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தையும் பவர் பத்திரத்தையும் நம்பிப் பணம் கொடுத்துள்ளன. பவர் பத்திரம் விற்பனை ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. பெட்டியில் இன்னும் பவர் பத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர்கள், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே கிரயம் செய்துகொள்ள முயல்வது நலம்.

பகணி, வில்லங்கச் சான்று, கிரயப் பத்திரம், காத்தா ஆகிய நான்கையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. பகணி நிலத்தின் ஜாதகம் போன்றது. யாருடைய நிலம், எவ்வளவு, என்ன பயிர் என்பன அதில் இருக்கும். வில்லங்கச் சான்றை இப்போது பதிவுத் துறையின் கணினி முறை வழியே வீட்டிலிருந்தே பெறலாம். அம்முறைக்குக் ‘காவேரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காவிரியின் குழாய் எட்டாத மனைக்கும் ‘காவேரி’யின் சான்று எட்டிவிடுகிறது என்பது நம்மிடையே வழங்கும் வேடிக்கை. 2004-ஆம் ஆண்டுக்கு முந்திய பதிவுகளுக்குப் பதிவு அலுவலகத்துப் புத்தகத்தைப் புரட்டச் செய்தல் வேண்டும். காத்தா என்பது சொத்து வரிப் பதிவேட்டில் நம் பெயர் ஏறியதற்கு அடையாளம். வரி ரசீது ஒன்றை வைத்துக் கொண்டே உரிமை வந்துவிட்டதாக எண்ணுதல் தவறு.

இவ்வளவும் சொல்லும் நாம் இவற்றை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோமா என்று அன்பர்கள் கேட்கலாம். பார்த்தோம். தாள்கள் அனைத்தையும் பார்த்தோம், ஆனால் படிக்கவில்லை. அவை கன்னடத்தில் இருந்தன. இருபதுக்கு முப்பது மனை அது. பதிவு அலுவலக வாசலில் ஒருவர் பத்திரத்தை மளமளவென்று வாசித்தார். நாம் தலையசைத்தோம். கையெழுத்தும் பெருவிரல் பதிவும் ஆயின. பத்திரத்துக்குக் குங்குமம் வைத்துப் பெட்டியில் வைத்தோம். நான்கு ஆண்டுகள் அது பெட்டியிலேயே இருந்தது.

வீட்டுக் கடனுக்காக அதை வெளியில் எடுத்த நாளில், ஆறாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த நம் வீட்டுச் சிறுமி அதை விளையாட்டாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். எல்லை விவரம் வந்ததும் நிறுத்தினாள். “அப்பா, இதில் ‘உத்தரக்கே ரஸ்தே’ என்று போட்டிருக்கிறதே, நம் மனைக்கு ரோடு தெற்கே அல்லவா இருக்கிறது?” என்றாள்.

நாம் சிரித்துவிட்டு, மறுபடியும் படிக்கச் சொன்னோம். மறுபடியும் அப்படியே படித்தாள். வடக்கே தெரு, தெற்கே அடுத்தவர் மனை என்று எழுதியிருந்தது. உண்மையில் தெரு தெற்கே, அடுத்தவர் மனை வடக்கே. பத்திரத்தின்படி நம் மனை தெருவுக்கு எதிர்ப்புறத்தில் கிடந்தது. அங்கே வேறொருவர் வீடு கட்டிக் குடியேறிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

திருத்தப் பத்திரம் எழுதலாம். ஆனால், அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் இடம் பெயர்ந்து போயிருந்தார். தேடிக் கண்டுபிடித்து, வழிச்செலவும் ஒரு நாள் கூலியும் அதற்கு மேல் அவர் கேட்டதும் கொடுத்து அழைத்து வருவதற்குப் பதினொரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினொரு மாதத்தில் கம்பியும் சிமெண்டும் ஏறிய விலையைச் சொல்லி அன்பர்களை வருத்த விரும்பவில்லை. அவர் வஞ்சகர் அல்லர். எழுதினவர் கை தவறியதே காரணம். அதை ஒரு நிமிடத்தில் கண்டிருக்கக்கூடிய கண் நமக்கு இல்லாமற் போனதும் காரணம்.

இத்தனைக்கும் அம்மொழி நமக்கு எட்டாத மொழியா? பத்திரத்துச் சொற்களில் பாதி நம்முடையவையே. கிரயம், செக்குபந்தி, கந்தாயம் ஆகிய சொற்கள் நம் பாட்டனாரின் பத்திரத்திலும் இருந்தவை. கன்னடத்தின் பழைய திசைப் பெயர்களைப் பாருங்கள். தென்திசை தெங்கண, வடதிசை படகண, கதிரவன் படும் திசை படுவண. சொல் நம் வீட்டுச் சொல்லாகவே ஒலிக்கிறது. எழுத்து மட்டுமே வேறு. ஐம்பது எழுத்தை மாலை நேரங்களில் மூன்று மாதத்தில் கற்கலாம். பிள்ளைகள் பள்ளியில் கற்றுவிடுகின்றனர். நாம்தான் அவர்களைக் கடை வரி ரசீதுக்கும் பேருந்துப் பலகைக்கும் மட்டும் பயன்படுத்துகிறோம். கன்னடம் கற்றால் தமிழ் மறந்துவிடும் என்று அஞ்சுவாரும் நம்மிடையே உளர். 1991-ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் காவிரிப் பூசலின்போது நேர்ந்தவற்றைச் சுட்டி, இவ்வூரில் வேர் விடுவது எதற்கு என்பாரும் உளர். அவர்களுடைய வலியை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேர் விடாமலே பணத்தை மட்டும் மண்ணில் புதைப்பது அதனினும் பெரிய இடர்.

பத்திரம் சீரான பின் சுவருக்குப் போகலாமா என்றால், அதற்கு முன் நீர் இருக்கிறது. ஆனேக்கல் தாலுகா நிலத்தடி நீரை மிகையாக உறிஞ்சிவிட்ட தாலுகாக்களுள் ஒன்று. அடியில் கருங்கற் பாறை. பாறையின் வெடிப்பில் நீர் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆயிரம் அடி துளைத்தும் வெறும் பொடி பறந்த மனைகள் பல. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூர் முழுவதும் தண்ணீருக்குத் தவித்ததை மறந்திருக்க மாட்டோம். மாவட்ட நிர்வாகமே தண்ணீர் லாரிக்கு விலை குறிக்க நேர்ந்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு 600 ரூபாய் என்று அறிவித்தனர். அந்த விலைக்கு லாரி வந்ததா என்பது வேறு கதை.

மழை அவ்வாறு கைவிடுவதில்லை. பெங்களூர்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 97 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. மே மாதத்து இடிமழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் அதில் பெரும்பங்கு. 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 1,180 லிட்டர் நீர் விழுகிறது. ஆண்டு முழுவதும் விழுவது ஏறத்தாழ 45,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 36,000 லிட்டர் நிற்கும். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் வீதம் தொண்ணூறு நாள் செலவுக்கு அது போதும். ஆறு லாரித் தண்ணீர் அது. இதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு லாரிக்காரருக்குத் தொலைபேசியில் கெஞ்சுகிறோம்.

ஆகவே, அடித்தளத்துக்கு முன்னரே தரையடித் தொட்டியைத் தோண்டுதல் வேண்டும். உட்புறம் ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம் இருந்தால் ஏறத்தாழ 6,000 லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர் கொள்ளும். முதலிலேயே தோண்டிவிட்டால் கட்டட வேலைக்கும் சுவர் நனைப்பதற்கும் அதுவே உதவும். வீடு முடிந்த பின் தோண்டப் புகுந்தவர்கள் வாசற்படியை உடைத்ததைக் கண்டிருக்கிறோம். கூரைக் குழாயின் வாயில் கூழாங்கல், மணல், கரி அடுக்கிய வடிகட்டி ஒன்று வைத்து, பருவத்தின் முதல் இரண்டு மழை நீரை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். நிரம்பி வழிவதை மனையின் மூலையில் ஒரு குழிக்குள் இறக்கினால் நிலத்துக்குப் போகும். ஹெப்பகோடி ஏரியே நமக்கு ஒரு பாடம். கழிவுநீர் சேர்ந்து நெடுங்காலம் கெட்டுக் கிடந்த அவ்வேரி, பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால் மிதக்கும் தாவரத் தீவுகள் அமைக்கப்பெற்றுச் சீரடைந்தது. ஏரிக்குச் செய்தால் ஆவது தொட்டிக்கும் ஆகும்.

சுவரைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. மேஸ்திரிகளில் பலர் நம்மவரே. அவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியது ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கூறுவோம். கடன் வாங்கி ஒரே மூச்சில் மாடி எழுப்பி, மேலே இரண்டு வீடு வாடகைக்கு விட்டால் கடன் அடைந்துவிடும் என்று எல்லாரும் கணக்குப் போடுகின்றனர். எல்லாரும் அதே கணக்கைப் போடுவதால் தெருவெங்கும் ‘வாடகைக்கு’ப் பலகை தொங்குகிறது. அடித்தளத்தை மட்டும் மாடி தாங்கும்படி போட்டுவிட்டு, ஓர் அறையும் சமையலறையுமாக ஷீட்டுக் கூரை வேய்ந்து இரண்டு மூன்று ஆண்டு இருந்தால் என்ன குறைந்துவிடும்? உறவினர் என்ன சொல்வார்களோ என்று நாணுகிறோம். 1910-ஆம் ஆண்டில் ஜோஹானஸ்பர்க் நகருக்கு அப்பால் காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் நெளிதகட்டு வீடுகளிலேதான் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களில் தமிழர் பலர். சிறை செல்லத் துணிந்த அந்தத் தாய்மார்கள் தகரக் கூரையைப் பார்த்து நாணவில்லை.

குடிபுகுந்த பிறகு செடி. 600 சதுர அடி மனையில் தோட்டம் ஏது என்பார்கள். மண் கிடைப்பது மூலைக்கு ஒரு முழம்தான். மற்றதெல்லாம் மாடியில் பழைய வாளியும் சிமெண்டுச் சாக்கும். பிரண்டை, தூதுவளை, கீரை, பந்தல் அவரை ஆகியவை தாராளமாக வருகின்றன. கறிவேப்பிலை டிசம்பர்க் குளிரில் முடங்கிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், வெயில் ஏறியதும் துளிர்க்கும். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம் என்பதைச் செடி நினைவில் வைத்திருக்கிறது, நாம்தான் மறக்கிறோம். அரிசி கழுவின நீரும் காய் கழுவின நீரும் இவற்றுக்குப் போதும். மார்கழியில் மொச்சை மலிந்திருக்கும்போது எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் உரித்த மொச்சையை ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது முறையன்று. எனவே, அதில் முருங்கைக்கீரை போகும்.

அந்த முருங்கை ஊரிலிருந்து பேருந்தில் கொண்டு வந்த போத்து. நடத்துநர் அதற்கும் சுமைக் கூலி கேட்டார். வேர் பரவினால் தொட்டிச் சுவர் வெடிக்கும் என்று மேஸ்திரி எச்சரித்ததனால், தொட்டிக்கு எதிர்மூலையில், தெற்கே தெருவோரம் நட்டோம். திருத்தப் பத்திரத்தில் இப்போது ‘தட்சிணக்கே ரஸ்தே’ என்றே இருக்கிறது. கையெழுத்திடுவதற்கு முன் அதை இருமுறை எழுத்துக் கூட்டிப் படித்தோம்.